பிராந்திப் பெட்டி மேல் ஒரு கீரைப்பாத்தி

வீட்டுத் தோட்டம் போட்டுக்கொடுக்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். மண்ணைப் பற்றியும் எருவைப் பற்றியும் சொல்லித்தர உங்களுக்கு ஆள் இருக்கிறது. கையில் போனும் இருக்கிறது. என்னைக் கேட்டால் நான் முதலில் சொல்வது வேறு. அட்டைப் பெட்டியை விரிப்பதற்கு முன்னால் அதில் என்ன அச்சடித்திருக்கிறது என்று படித்துப் பாருங்கள்.

சிரிக்க வேண்டாம். தருமபுரி மாவட்டத்தில் இருபது வருடத்துக்கு மேல் வீடு வீடாகப் போய்த் தோட்டம் போட்டவள் நான். முழங்கால் இனி முடியாது என்று சொல்லிவிட்டதால் சென்ற வருடம்தான் நிறுத்தினேன். இத்தனை வருடத்தில் செடி செத்ததற்காக நான் அவ்வளவாகப் பயந்ததில்லை. செத்தால் இன்னொன்று வைக்கலாம். நான் நடுங்கிப்போனது ஒரே ஒரு நாள். அது பென்னாகரத்தில், ஒரு வளைகாப்பு அன்று காலையில்.

சரசா அக்கா கிராம நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். மலையூர்களுக்கெல்லாம் தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தே போய்வந்த கால்கள் அவருடையவை. அந்தக் கால்கள் சொந்த வீட்டுக் குளியலறையில் வழுக்கின. இடுப்பெலும்பு முறிந்து, பிளேட் வைத்து, வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடக்கும்படி ஆயிற்று. குனியக் கூடாது, தரையில் உட்காரக் கூடாது என்பது டாக்டர் கட்டளை. வீட்டுக்குக் கிழக்கே, சுவருக்கும் காம்பவுண்டுக்கும் நடுவில், பன்னிரண்டடி அகலத்துக்கு நீளமாக ஓர் இடம் இருந்தது. முன்பு கீரையும் கத்தரியும் விளைந்த இடம். இப்போது அதில் விளைந்ததெல்லாம் கோரைப்புல்தான்.

"மம்பட்டி புடிக்காம, குனியாம, எனக்கு ஒரு தோட்டம் வேணும். முடியுமா, முடியாதா? ஒரே வார்த்தையில சொல்லு" என்று போனில் கேட்டார். முடியும் என்றேன். தோண்டாத தோட்டம் என்று நாம் சொல்வது அதைத்தானே. புல்லை அறுத்துச் சாய்த்துவிட்டு, அதன் மேலேயே அட்டையை விரித்து, நனைத்து, அதற்கு மேல் மக்கிய எருவை ஒரு சாண் உயரத்துக்குக் கொட்டி, அதிலேயே விதைப்பது. வெளிச்சம் இல்லாமல் அடியில் புல் சாகும். அட்டை மக்கும். மிச்ச வேலையை மண்புழு பார்த்துக்கொள்ளும்.

இடத்தை அளந்து படம் போட்டேன். வீட்டுச் சுவரோரம் வாக்கர் தாராளமாகப் போகும் அளவுக்கு சிமெண்ட் நடைபாதை. அதை ஒட்டி, நாற்காலியில் உட்கார்ந்தபடியே கை எட்டும் உயரத்துக்குக் கல் அடுக்கி, கீரைக்கு ஒரு பாத்தி. கை எட்டாத பின்பக்கம் மிளகாய், கறிவேப்பிலை, முருங்கை என்று தம் பாட்டைத் தாமே பார்த்துக்கொள்ளும் பிள்ளைகள். சரசா அக்கா படத்தைப் பார்த்தார். "நல்லாருக்குது. ஆனா எங்க வூட்டுக்காரரு ஒத்துக்கிட மாட்டாரு" என்றார்.

அவர் பெயர் முனியப்பன். ஏன் ஒத்துக்கொள்ள மாட்டார் என்பது அவர் தொழிலைக் கேட்டதும் விளங்கிவிட்டது. முப்பது வருடமாகப் பொக்லைன் ஓட்டுகிறவர். சொந்த வண்டி. கிணறு, குட்டை, கடைக்கால், எரு குழி என்று அந்தச் சுற்றுவட்டாரத்தில் அவர் தோண்டாத பூமி இல்லை. காம்பவுண்டுக்கு வெளியே வண்டிப்பாதையில் அந்த மஞ்சள் வண்டி நின்றுகொண்டிருந்தது, தோண்டும் கையை மடக்கிக்கொண்டு.

"என்னம்மா செய்யப் போறீங்க?" என்று கேட்டார்.

"தோண்டாம தோட்டம் போடப்போறேங்கண்ணா."

அவர் சிரித்த சிரிப்பில் மரத்திலிருந்த காக்கை பறந்தது. "தோண்டாமயா? கடப்பாரையே தொடாம கெணறு வெட்டுவேன்னு சொல்றாப்பல இல்ல இருக்குது! செத்த ஒதுங்கி நில்லுங்க. அஞ்சே நிமிசம். மூணடி ஆழத்துக்குப் பெரட்டி வுட்டுடறேன். அப்பறம் நீங்க என்ன வேணா போட்டுக்குங்க."

"இதுக்கு முந்தி பெரட்டியிருக்கீங்களாண்ணா?"

"மூணு வாட்டி!"

"ஒவ்வொரு வாட்டியும் கோரை கொறைஞ்சுதா, கூடுச்சா?"

கோரைக்கு அடியில் கிழங்குகள் சரடு கோத்ததுபோல் கிடக்கும். சரடு அறுந்தால் ஒவ்வொரு கிழங்கும் தனிக்குடித்தனம் போய்விடும். மூன்று முறை புரட்டிப் புரட்டி அவர் அந்தக் கோரைக்கு ஊரையே எழுதிக்கொடுத்திருந்தார். அதை நான் பக்குவமாகச் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் போய் வண்டியைக் கிளப்பிவிட்டார். காம்பவுண்டு கேட்டை நோக்கி அது உறுமிக்கொண்டு வந்தது.

டொக், டொக் என்று வாக்கர் சத்தம் கேட்டது. சரசா அக்கா நிதானமாக நடந்துபோய் கேட்டுக்கு நடுவில், வண்டிக்கு நேர் எதிரே நின்றார்.

"மொதல்ல என்னையப் பெரட்டிட்டு, அப்பறம் மண்ணப் பெரட்டுங்க."

இன்ஜின் நின்றது. அந்த வண்டி இனித் தோட்டத்து மண்ணில் ஒரு சக்கரம்கூட வைக்கக் கூடாது என்று அங்கேயே உத்தரவு போடப்பட்டது. முனியப்பன் அண்ணன் வண்டியைப் பழைய இடத்துக்கே கொண்டுபோய் நிறுத்தினார். ஆனால் அன்று முதல் தினமும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, நாங்கள் வேலை செய்வதை, பிறத்தியார் வீட்டுக் கல்யாணச் சமையலைப் பார்க்கிற மாதிரி பார்ப்பார். "அட்டையப் போட்டா கரையான் வரும்" என்பார். உண்மைதான். நம் செம்மண்ணில் கரையான் வரத்தான் செய்யும். அதனால்தான் வீட்டுச் சுவரை ஒட்டி அட்டை விரிக்காமல் சிமெண்ட் பாதையை விட்டிருந்தேன். அதைச் சொன்னால், "ம்ம்" என்பார். கொஞ்ச நேரம் கழித்து, "அட்டையப் போட்டா கரையான் வரும்" என்பார்.

எனக்கு அவர்மேல் எரிச்சல். வேலையைக் கெடுக்க வந்தவர் என்றே முடிவு கட்டிவிட்டேன். அது என் முதல் தப்பு.

இரண்டாவது தப்பு, தேதி. அவர்கள் மகள் கவிதா அரூரில் கட்டிக்கொடுத்த பெண். ஏழாம் மாதம். அம்மாவால் பயணம் செய்ய முடியாததால் வளைகாப்பு பென்னாகரத்து வீட்டிலேயே என்று ஏற்பாடு. "வர்றவங்கெல்லாம் பாக்கறாப்பல, அதுக்குள்ள முடிச்சுரு" என்றார் சரசா அக்கா. நான் தலையாட்டினேன். தோட்டத்துக்கு விசேஷ நாள் தெரியாது. விசேஷத்துக்குள் முடித்துத்தருகிறேன் என்று நீங்கள் ஒருபோதும் தலையாட்டாதீர்கள். ஆட்டினால் அன்றிலிருந்து உங்கள் கண் மண்ணைப் பார்க்காது, காலண்டரைப் பார்க்கும்.

வளைகாப்புக்கு முந்தின நாள், சனிக்கிழமை, இரண்டு வேலை ஒன்றாக வந்து சேர்ந்தன. பழைய பேப்பர் கடையில் சொல்லிவைத்திருந்த அட்டைக் கட்டுகள் மூன்று மணிக்கு வந்தன. மக்கிய எருவோடு டிராக்டரும் அதே நேரத்துக்கு வந்தது. வந்த டிராக்டர் தெருவுக்குள் நுழைய முடியவில்லை. விசேஷத்துக்காகத் தெருவை அடைத்துப் பந்தல் போட்டுவிட்டார்கள். என்னோடு வேலை செய்கிற பச்சியம்மாவிடம், "நீ அட்டைய விரிச்சு, நல்லா நனைச்சு வுட்டுடு" என்று சொல்லிவிட்டு நான் தெருமுனைக்கு ஓடினேன். அங்கே இருந்த காலி மனையில் எருவைக் கொட்டவைத்து முடிப்பதற்குள் தருமபுரி பஸ் வந்துவிட்டது. திரும்பிப் போய் ஒரு முறை பார்த்திருக்க வேண்டும். பஸ்ஸில் உட்கார இடம் இருந்தது. ஏறிவிட்டேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு வந்து கேட்டைத் திறந்தேன். திறந்த கையை எடுக்க முடியவில்லை.

தோட்டம் முழுக்க ராஜாக்கள். தலைப்பாகை கட்டிய ஒரு ராஜா மீசையை முறுக்குகிற படம். படத்துக்கு மேலே ஒரு பிராந்தியின் பெயர், முழங்கை நீள எழுத்தில். எண்பது பெட்டியாவது இருக்கும். எண்பது ராஜாவும் ஒருவர் பக்கத்தில் ஒருவராக மல்லாந்து படுத்து, வெயிலில் பளபளவென்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெட்டிகூடக் கோணல் இல்லை.

"பச்சியம்மா, அச்சடிச்ச பக்கம் கீழதான போடுவோம்?"

"எனக்கு எங்கக்கா படிக்கத் தெரியும்? எப்பவும் வெறும் எழுத்தா இருக்கும், கவுத்துப் போடுவேன். இது என்னமோ ராஜா படம். அழகா இருக்குதேன்னு எல்லாத்தையும் நேரா, மேல பாக்கறாப்பல வெச்சேன். விசேசத்துக்கு நாலு பேரு வருவாங்களேன்னு."

அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவ்வளவு அக்கறையாக அடுக்கியிருந்தாள்.

வாக்கரோடு வெளியே வந்த சரசா அக்கா தோட்டத்தைப் பார்த்தார். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"பத்தரைக்கு சம்மந்தி வர்றாரு" என்றார். அப்புறம் மெதுவாகச் சொன்னார். முனியப்பன் அண்ணன் ஒரு காலத்தில் நன்றாகக் குடித்தவர். விட்டு எட்டு வருடம் ஆயிற்று. கவிதாவைப் பெண் கேட்டு வந்தபோது மாப்பிள்ளையின் அப்பா நகையைப் பற்றிக் கேட்கவில்லை, சீரைப் பற்றிக் கேட்கவில்லை. "குடி உண்டா?" என்று ஒன்றுதான் கேட்டார். "இருந்துது. வுட்டுட்டேன்" என்று இவர் சொன்னார். "உங்க வாய் வார்த்தைய நம்பிப் பொண்ணெடுக்கறேன்" என்று சொல்லிவிட்டுத் தாம்பூலம் மாற்றியிருக்கிறார்.

"அந்த மனுசன் வந்து இதப் பாத்தா என்னான்னு நெனைப்பாரு? நாளைக்குக் கைப்புள்ளையோட நம்ம பொண்ணு அந்த வூட்டுக்குத்தான போவோணும்?"

மணி ஏழேகால். சரி, புரட்டிப் போட்டுவிடலாம் என்று ஒரு பெட்டியின் மூலையைப் பிடித்துத் தூக்கினேன். ராஜாவின் மீசை மட்டும் என் கையோடு வந்தது. இரவெல்லாம் ஊறிய அட்டை, கஞ்சியாக இருந்தது. அதற்கு மேல் எருவைக் கொட்டி மூடுவதுதான் ஒரே வழி. எருவோ தெருமுனைக் காலி மனையில். இருப்பது நானும் பச்சியம்மாவும் கூலிக்கு வந்த இன்னொரு பெண்ணும், மூன்று கூடை. பந்தலுக்குள் நாற்காலிகளுக்கு நடுவே சுமந்து வந்தால் மாலை ஆகிவிடும்.

அவசரத்தில் மூளை எப்படி வேலை செய்யும் என்று கேளுங்கள். பக்கத்து வீட்டில் மாட்டுக்கொட்டகை இருந்தது. சுவரை ஒட்டியே சாணிக் குவியல். கைக்கு எட்டும் தூரம். பச்சைச் சாணியைப் பாத்தியில் போடக் கூடாது, அது சூடேறி வேரைப் பொசுக்கும் என்று பத்து வருடமாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். "அதையே அள்ளிக் கொட்டுங்க" என்றேன். கேட்டோரத்து மூலையில் இருபது கூடை விழுந்தது. பத்துப் பன்னிரண்டு ராஜாக்கள் மறைந்தார்கள். அப்பாடா என்று நிமிர்ந்தேன்.

முந்தின நாளே அம்மா வீட்டுக்கு வந்திருந்த கவிதா, பட்டுப்புடவை கட்டுவதற்கு முன் தலை உலர்த்த வாசலுக்கு வந்தாள். மூச்சை ஒரு முறை இழுத்தாள். வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். குளியலறையிலிருந்து அவள் ஓங்கரிக்கும் சத்தம் தெருவரைக்கும் கேட்டது.

"மாசமா இருக்கற புள்ளைக்கு முன்னால கொண்டாந்து பச்சச் சாணியக் கொட்டுவாங்களா? எடு மொதல்ல!" என்றார் சரசா அக்கா. அட்டை பிய்ந்துவிடாமல் அத்தனையையும் கையால் மெல்ல வழித்து எடுத்து, தண்ணீர் ஊற்றிக் கழுவினோம். கழுவியதில் அந்த மூலை ராஜாக்கள் முன்னைவிடப் பளிச்சென்று வந்தார்கள்.

மணி எட்டாகிவிட்டது. ஒரு தப்பை மறைக்கக் கை பரபரக்கும்போது கிட்டத்தில் எது கிடைக்கிறதோ அதைத்தான் அது அள்ளும். அந்த நேரத்தில் கையைக் கட்டிக்கொண்டு இரண்டு நிமிடம் நிற்க முடிந்தால் நீங்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். நான் நின்றது, செய்ய வேறொன்றும் தோன்றாததால்தான். நின்றபோதுதான் காம்பவுண்டுக்கு வெளியே பார்த்தேன்.

முனியப்பன் அண்ணன் வண்டியின் சக்கரத்தில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். புது வேட்டி, புதுச் சட்டை. அன்று அவர் கரையானைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சிரிக்கவும் இல்லை. அந்தப் பெட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றும் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி முகம் சுண்டியிருந்தது. இந்த வீட்டில் என்னைவிடப் பயந்துபோன ஆள் ஒருவர் உண்டு என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

சுவர் மார்பளவு உயரம். சுவருக்கு வெளியே வண்டிப்பாதை. வண்டிப்பாதை சுற்றிக்கொண்டு போய்ச் சேர்வது அந்தக் காலி மனையில். வண்டிக்குப் பின்னால் தோண்டும் கை இருந்தால், முன்னால் அள்ளிக் கொட்டும் பக்கெட்டும் இருக்கிறதே! இத்தனை நாள் அதை நான் பார்த்தேனே தவிர, பார்க்கவில்லை.

"அண்ணா, சாவி வண்டியிலதான் இருக்குதா?"

"இருக்குது. ஆனா சரசு வுடமாட்டா."

நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகத் திரும்பிப் பார்த்தோம். சரசா அக்கா கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"தோண்டுவீங்களா?"

"தோண்ட மாட்டேன்."

"உள்ள சக்கரம் வெப்பீங்களா?"

"வெளியவே நின்னு கொட்டறேன். ஒரு கொட்டாங்குச்சி மண்ணு எடுத்தா என்னன்னு கேளு."

"சரி, போங்க. வேட்டிய மாத்திக்கிட்டுப் போங்க."

அவர் வேட்டியை மாற்றவில்லை. மடித்துக் கட்டிக்கொண்டு ஏறிவிட்டார்.

வண்டி ஓட்டுவதை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். அன்று பார்த்ததுபோல் பார்த்ததில்லை. காலி மனையில் போய் ஒரு பக்கெட் அள்ளிவருவார். சுவரோரம் நிறுத்தி, பக்கெட்டைச் சுவருக்கு மேலே தூக்கி நீட்டுவார். அத்தனை பெரிய இரும்பு, குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற கைபோல மெல்லக் கவிழும். எரு பொத்தென்று விழாது. சல்லடையில் சலித்ததுபோல அரையடி அரையடியாகக் கொட்டிக்கொண்டே போவார். சுவரில் ஒரு கீறல் இல்லை. நாங்கள் மூன்று பேரும் உள்ளே நின்று பரப்பிக்கொண்டே போனோம். ஒரு வரிசை ராஜாக்கள் மறைய எங்களுக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

நாலாவது நடையில் இன்ஜின் சத்தத்துக்கு மேலே அவர் கத்தினார்: "ஏ சரசு! முப்பது வருசமா பூமிகிட்டேருந்து எடுத்த வண்டி! இன்னிக்குத்தான் குடுக்குது!"

"கீழ பாத்து ஓட்டுங்க!" என்றார் சரசா அக்கா. ஆனால் முகம் மலர்ந்துவிட்டது.

ஒன்பது மணி ஆகும்போது கேட்டோரத்து மூலை ஒன்றுதான் பாக்கி. கழுவிவிட்ட மூலை. அங்கே வண்டியின் பக்கெட் எட்டாது. கூடையில்தான் சுமக்க வேண்டும். இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறதே என்று பச்சியம்மா கூடையை எடுத்தாள். நான் நெற்றியைத் துடைத்தேன்.

"யாரும் இல்லீங்களா?" என்று கேட்டில் குரல்.

சம்பந்தி. பத்தரைக்கு வர வேண்டியவர் ஒன்பதுக்கே வந்து நிற்கிறார். வீட்டார் எல்லோரும் வேனில் வர, வேனை நம்பாமல் முதல் பஸ்ஸைப் பிடித்து முன்னால் வந்துவிட்டார். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுத்து என்று ஒன்று கண்ணில் பட்டால் படிக்காமல் நகர மாட்டார். இப்போது அவர் காலடியிலேயே எழுத்து இருந்தது, முழங்கை நீளத்தில். கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். குனிந்தார். பிராந்தியின் பெயரைச் சத்தமாக, தெளிவாக வாசித்தார்.

வண்டியின் இன்ஜின் நின்றது. வீட்டுக்குள் பாத்திரச் சத்தமும் நின்றது.

அந்த நேரத்தில் நான் சொன்னதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. "அது மருந்துப் பெட்டிங்க" என்றேன். "அக்கா நர்ஸா இருந்தாங்கல்ல, அப்பத்தி பெட்டிங்க."

சம்பந்தி இன்னும் கொஞ்சம் குனிந்தார். அடியில் இருந்த பொடி எழுத்தையும் வாசித்தார்.

"'மது உயிருக்குக் கேடு.' மருந்துப் பெட்டியில இத எதுக்குங்க போட்டிருக்கான்?"

பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்றிருந்தது. தோண்டாத தோட்டத்தில் அதற்கும் வழியில்லை.

முனியப்பன் அண்ணன் வண்டியிலிருந்து இறங்கி வந்தார். வேட்டியெல்லாம் எரு. சம்பந்திக்கு நேர் எதிரே வந்து நின்றார்.

"சம்மந்தி, அந்தம்மா சொல்றது பொய்யி. என் மானத்தக் காப்பாத்தச் சொல்றாங்க. இது பிராந்திப் பெட்டிதான். பழைய பேப்பர் கடையிலருந்து தோட்டத்துக்கு அடியில போட வந்துது. இந்த எருவுக்கு அடியில இன்னும் எழுவது பெட்டி கெடக்குது. நீங்க பாக்கக் கூடாதுன்னுதான் காலையிலருந்து மூடிக்கிட்டு இருக்கோம். ஆனா உங்ககிட்ட நான் சொன்ன வார்த்த சொன்னதுதான். எட்டு வருசம், ஒரு சொட்டு தொடல. வேணும்னா இப்பவே ஊதிக் காட்டறேன்."

"ஊதுங்க" என்றார் சம்பந்தி.

முனியப்பன் அண்ணன் நிஜமாகவே ஊதினார். சம்பந்தி மூக்கைக் கிட்டே கொண்டுபோய் மோந்து பார்த்தார். முகத்தைச் சுளித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார்.

"சாணி நாத்தந்தான் வருது."

முதலில் சிரித்தது கவிதாதான். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைத் தாங்கிக்கொண்டு சிரித்தாள். அடுத்து பச்சியம்மா. பிறகு யார் யார் என்று சொல்ல முடியாது. சம்பந்தி மட்டும் சிரிக்கவில்லை. அவர் இன்னும் குனிந்தபடியே இருந்தார்.

"இதக் கீழ போட்டா கோரை சாவும்ங்கறீங்களா?" என்று என்னைக் கேட்டார்.

"அடங்குமுங்க. முழுசா ஒரே வாட்டியில சாவாது. மொளைக்க மொளைக்கப் புடுங்கிக்கிட்டே இருக்கணும். தோண்டுனா மட்டும் கூடும்."

"எங்க வூட்டுக் கொல்லையில பத்து வருசமா அந்தச் சனியனோட மல்லுக்கட்டறேன்" என்று சொல்லிக்கொண்டே துண்டை இடுப்பில் கட்டினார். பச்சியம்மா கையிலிருந்த கூடையை வாங்கிக்கொண்டார். "மேல எவ்வளவு ஒசரம் கொட்டணும்?"

கடைசி மூலையை இரண்டு சம்பந்திகளும் சேர்ந்து மூடினார்கள்.

பத்தரைக்கு வேன் வந்தது. ஐம்பது, அறுபது பேர் வந்தார்கள். தோட்டத்தைக் காட்ட வேண்டும் என்பதற்காகத்தானே இவ்வளவு பாடும்? ஒருவர்கூட அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. செடி ஒன்றுகூட இல்லாத வெறும் எரு; பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? "ஏன் சரசா, விசேசத்தும்போதா எருவடிச்சு வெச்சிருக்கற?" என்று ஒரு அம்மா கேட்டார். சாப்பிட்டு வந்த ஒருவர் அதன் மேல் நாற்காலியைப் போட்டு உட்காரப் பார்த்தார். முனியப்பன் அண்ணன் எங்கிருந்தோ ஓடிவந்தார். "ஏங்க, அது மேல காலு வெக்காதீங்க! மண்ணு இறுகிப்போயிரும்! தோண்டாம போட்ட தோட்டம் அது!" என்று அவர் பாடம் எடுத்ததை நான் என் காதால் கேட்டேன்.

அவரிடமிருந்து நான் கற்றுக்கொண்டதை உங்களுக்குச் சொல்லாமல் விடக் கூடாது. நம் வேலைக்குக் குறுக்கே நிற்பவர் என்று ஒருவரை ஒதுக்கிவைப்பதற்கு முன்னால், அவர் கைக்கு என்ன தெரியும் என்று கேளுங்கள். முதல் நாளே நான் கேட்டிருந்தால், எருவைச் சுவருக்கு மேலே கொட்டித்தர ஆள் வீட்டிலேயே இருந்தார். நான் கேட்கவில்லை. அவருக்குத் தோண்டத்தான் தெரியும் என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன். அப்புறம், பொய் சொல்வதென்றால் எதிரில் இருப்பவருக்குப் படிக்கத் தெரியுமா என்று பார்த்துச் சொல்லுங்கள். பொய்யே சொல்லாமல் இருந்தால் அந்தத் தொல்லையும் இல்லை.

தோட்டம் நன்றாக வந்தது. அட்டையைக் குத்திக்கொண்டு இரண்டே வாரத்தில் கோரை தலைகாட்டத்தான் செய்தது. ஆனால் எரு பொலபொலவென்று இருந்ததால் இரண்டு விரலில் பிடித்து இழுத்தாலே வந்தது. நாற்காலியில் உட்கார்ந்தபடி சரசா அக்கா பார்த்த இடத்தைக் காட்டுவார். எட்டாத இடத்தில் முனியப்பன் அண்ணன் குத்தவைத்துப் பிடுங்குவார். சிறுகீரையும் முள்ளங்கியும் முதலில் வந்தன. பேரன் பிறந்து மூன்றாம் மாதம் அரூருக்குப் போனபோது கூடவே ஒரு பை மிளகாயும் போயிற்று.

அதற்குச் சில மாதம் கழித்து வேறொரு வேலையாக அரூர் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். நல்ல பகல். பஸ் கிளம்புவதற்காக டிரைவர் ஏறி உட்கார்ந்துவிட்டார். ஜன்னல் வழியாகப் பார்த்தால், எதிர்ப்பக்கம் மதுக்கடைக்குப் பின்னாலிருந்து இரண்டு பேர் வருகிறார்கள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தலையில் ஆளுக்கொரு பெரிய அட்டைக் கட்டு. சம்பந்தியும் முனியப்பன் அண்ணனும். கடைவீதியே நின்று வேடிக்கை பார்த்தது. நாற்பது வருடம் அந்த ஊரில் தபால் கொடுத்த மனிதர். அவரைத் தெரியாதவர் யார்?

"என்ன சார், இந்த வயசுல?" என்று ஒருவர் கேட்டார்.

"காலிப் பெட்டிங்க! தோட்டத்துக்கு!"

"ஆமாங்க சார், எல்லாரும் அப்பிடித்தான் ஆரம்பிக்கறாங்க."

சம்பந்தி தவித்துப்போய் நாலாபுறமும் பார்த்தார். ஜன்னலில் நான் அகப்பட்டேன்.

"அம்மா! நீங்களாச்சும் சொல்லுங்க!" என்றவர் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "இந்த வேலையக் கத்துக்குடுத்ததே அந்தம்மாதாங்க!"

பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடி நின்றார். அது தருமபுரிக்கு நேர் பஸ். விட்டால் அடுத்தது ஒரு மணி நேரம். முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் யாரும் ஒன்றும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இறங்கினேன். கடைக்குப் பின்னால் இன்னும் ஒரு கட்டு கிடந்தது. அதைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு அவர்களோடு சேர்ந்துகொண்டேன். மூன்று பேராக அரூர்க் கடைவீதி வழியாக, வீடு போய்ச் சேரும்வரை நடந்தோம். வழியெல்லாம் சம்பந்தியைத் தெரிந்தவர்கள்தான்; ஒருவர்கூட எங்களுக்கு வணக்கம் சொல்லவில்லை.